கல்யாண நாளுக்குக் காட்டுக்குப் போன கதை

1

"அம்மா, உங்க கல்யாண நாளுக்கு நாம மூணு பேரும் காட்டுக்குப் போலாமா?"

கேட்டது என் மகள் கயல். பதினேழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மினசோட்டாவுக்கு வந்தோம். வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று நான் பல வருடங்களாகப் போட்டுவரும் சண்டையின் பலன், முக்கியமான நாட்களில் மட்டும் அவள் இப்படி முழு வாக்கியமாகத் தமிழ் பேசுவாள். அன்றைக்கு ஒரு ஆங்கில வார்த்தைகூடக் கலக்காமல் பேசியிருந்தாள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

எங்கள் ஊர் மதுரைக்குக் கிழக்கே, வண்டியூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அங்கே காட்டுக்குப் போவது என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். விடிவதற்குள் செம்பை எடுத்துக்கொண்டு, ஆள் பார்க்காத இடமாகப் பார்த்து ஒதுங்கப் போவது.

அன்று அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் பெயர் முத்துமாரி. இன்னமும் அதே ஊரில்தான் இருக்கிறாள்.

"கல்யாண நாளுக்குக் காட்டுக்கா? ஏன்டி, அங்க கக்கூஸ் ரிப்பேரா?" என்றாள்.

"இல்லக்கா. கூடாரம் போட்டுத் தங்குறது. இங்குட்டு எல்லாரும் போவாக. லீவு விட்டா அதான் பொழுதுபோக்கு."

"வீடு இருக்கைலயா?"

"வீடு இருக்கவகதான் போவாக."

அக்கா, "சரி, பூச்சி பொட்டு பாத்து உக்காருங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

2

இந்த நாட்டில் கூடாரம் அடிக்கும் இடங்கள் இரண்டு வகை. ஒன்றுக்கு 'டெவலப்டு' என்று பெயர். காரை நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம் போடலாம். குழாயில் தண்ணீர் வரும், மின்சாரம் உண்டு, வெந்நீர்க் குளியலறையும் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையும் உண்டு. இன்னொன்று 'பிரிமிடிவ்'. அங்கே ஒன்றும் கிடையாது. மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்துபோக வேண்டும். ஏரித் தண்ணீரை வடிகட்டிக் குடிக்க வேண்டும். மற்றதற்கெல்லாம் ஒரு சின்ன மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

பிரிமிடிவ் என்ற வார்த்தையை நான் பள்ளிக்கூடத்தில் கற்கால மனிதனைப் பற்றிய பாடத்தில் படித்தேன். டெவலப்டு என்பதைப் பூகோளத்தில் படித்தேன். நாடுகளை அப்படித்தான் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். முண்டியடித்துப் படித்து, விசா வாங்கி, டெவலப்டு பக்கம் வந்து சேர்ந்தால், இங்கே ஆட்கள் பிரிமிடிவ் பக்கம் போக முன்பதிவு செய்துகொண்டு வரிசையில் நிற்கிறார்கள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த முன்பதிவும் லேசில் முடிவதில்லை. இணையப் பக்கத்தில் கணக்கு தொடங்க வேண்டும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டது. என் பெயர் பாண்டியம்மாள். கடைசிப் பெயராக அப்பா பெயரைப் போட்டிருக்கிறேன். என் கணவருக்குக் கடைசிப் பெயர் அவருடைய அப்பா பெயர். கயலுக்கு அவளுடைய அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் இருப்பதால், நாங்கள் ஒரு குடும்பமா, மூன்று தனித்தனிக் கோஷ்டியா என்று அந்தப் பக்கத்துக்குப் புரியவில்லை. வண்டியின் நீளம் கேட்டது. எங்கள் காரின் நீளத்தை நான் எதற்கு அளந்து வைத்திருக்கப்போகிறேன்? குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டதும், இந்த இடத்துக்கு உங்கள் வண்டி பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

கடைசியில் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நல்ல மனிதர், மிக மெதுவாகப் பேசினார். டெவலப்டு பகுதியில் ஃப்ளஷ் டாய்லெட் இருக்கிறது, இரண்டுக்கும் நடுத்தரமான ஒரு பகுதியில் 'வால்ட் டாய்லெட்' இருக்கிறது என்றார். வால்ட் என்றால் எனக்கு வங்கியில் நகை வைக்கும் அறைதான் தெரியும். "சாவியை யார் வைத்திருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயல் தலையில் கைவைத்துக்கொண்டாள். அது வெறும் குழிக் கழிப்பறை என்று பிறகு விளக்கினாள். குழி என்றே சொல்லித் தொலைத்தால் என்ன?

பிரிமிடிவ் இடத்துக்கு அனுமதிச் சீட்டு தனி. அதன் பின்பக்கம் விதிகள் இருந்தன. நீர்நிலையிலிருந்து தள்ளிப் போய், அரை அடி ஆழம் தோண்டி, காரியம் முடிந்ததும் மூடிவிட வேண்டுமாம். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டுமாம். எங்கள் ஊரில் அதிகாரிகள் விடியற்காலையில் வந்து, வயலில் உட்கார்ந்தவர்களை விசில் ஊதி விரட்டினார்கள். இங்கே அதே வேலைக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டுச் சீட்டுக் கொடுக்கிறார்.

3

"எனக்குக் கக்கூஸ் இருக்கிற இடம்தான் வேணும்" என்றேன்.

"அம்மா, அது கேம்பிங்கே இல்ல. அது பார்க்கிங் லாட்" என்றாள் கயல்.

என் கணவர் சரவணன் மதுரைக்கு மேற்கே கோச்சடையில் பிறந்து வளர்ந்தவர். மாடியில் ஒன்று, கீழே ஒன்று என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு கழிப்பறை பார்த்து வளர்ந்தவர். மகள் எது சொன்னாலும் அவருக்குச் சரி. ஆகஸ்டில் அவள் கல்லூரிக்குப் போய்விடுவாள், விமானம் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய தூரம். அந்த நினைப்பிலேயே அந்த வருடம் முழுக்க அவர் அவளிடம் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

"ரெண்டு நாள்தானே பாண்டி. ஒரு அனுபவம்தானே" என்றார்.

"அந்த அனுபவம் எனக்கு வேண்டாங்க."

அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கயல் மூடவில்லை. ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. என் தமிழ் வாசகர்களுக்காக அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"உனக்கு எல்லாமே வசதியா வேணும்மா. ஹீட்டர் வேணும், கார் வேணும், மூணு மூணு சோப்பு வேணும். ஒண்ணுமே இல்லாம இருக்கறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கவும் மாட்ட."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தேன். சரவணன் என் முகத்தையே பார்த்தார். எனக்குப் பதிலாக அவர் சொல்லிவிடுவாரோ என்று, வேண்டாம் என்று தலையசைத்தேன்.

கயலுக்கு எதுவும் தெரியாது. நான் மதுரைக்காரி என்று தெரியும். தாத்தா கூலி வேலை பார்த்தார் என்று தெரியும். அவளுக்கு விவரம் தெரிந்து ஊருக்குப் போனபோதெல்லாம் அக்கா வீட்டில் டைல்ஸ் ஒட்டிய கழிப்பறை வந்துவிட்டது. அதற்கு முன்னால் என்ன என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெட்கம் என்று சொல்ல முடியாது. நான் ஒதுங்கப் போன கருவேலம் புதரைச் சேர்த்துப் பார்க்காமல் என்னைப் பார்க்கிற ஒரு ஆளாவது இந்த உலகத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஆள்தான் இப்போது, உனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் சரவணன் வந்து, "ரெண்டுலயும் எடம் போட்டுட்டேன்" என்றார். ஒரே பூங்காதான். நுழைவாயிலுக்குப் பக்கத்தில் டெவலப்டு பகுதியில் எனக்கு ஒரு இடம். ஏரியைச் சுற்றி நடந்துபோகும் பிரிமிடிவ் பகுதியில் அவருக்கும் மகளுக்கும் ஒரு இடம்.

"இருவதாவது கல்யாண நாளுக்கு நான் ஒரு எடத்துல, நீங்க ஒரு எடத்துலயா?"

"பகல்ல ஒண்ணாத்தானே இருக்கப்போறோம்" என்றார்.

4

இந்தக் குறிப்பைப் படிக்கும் ஊர்க்காரர்கள் என்னைத் தவறாக நினைக்கக்கூடாது. எனக்குக் காட்டின்மேல் கோபம் இல்லை.

எங்கள் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். வேலை செய்யும் நேரத்தில் அந்த வயலுக்குள் இறங்கலாம், ஒதுங்குவதற்கு இறங்கக் கூடாது. எந்தப் புதரடியில் உட்கார்ந்தாலும் அது யாரோ ஒருவருடைய புதர். காவல்காரர் கல்லை விட்டெறிவார். வரப்போரத்தில் முள் வெட்டிப் போட்டு வைப்பார்கள். மிச்சம் இருந்தது கண்மாய்க் கரையும், ரோட்டோரத்துக் கருவேலங்காடும்தான். பொம்பளைகள் விடிவதற்குள் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை கூட்டாகப் போவோம். இடைப்பட்ட பகல் முழுக்க ஒன்றுமில்லை. அதனால் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டேன். வயதுக்கு வந்த பிறகு மாதத்தில் சில நாள் பள்ளிக்கூடமும் கிடையாது. வகுப்பில் நிறையப் பிள்ளைகள் அப்படித்தான், டீச்சரும் கேட்க மாட்டார்கள்.

கல்லூரியில் சேர்ந்தபோது மதுரையில் கோரிப்பாளையம் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது. அங்கேதான் முதன்முதலாக உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கழிப்பறைக்குள் போனேன். வாளியில் தண்ணீர், மேலே ஒரு பல்பு. வெளியே சிக்னலில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்த ஜங்ஷனில் எத்தனை ஆயிரம் பேர் போய்வந்துகொண்டிருந்தாலும் என்னை ஒருவராலும் பார்க்க முடியாது என்பது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. தாழ்ப்பாளைத் திறந்து திரும்பவும் போட்டுப் பார்த்தேன். வெளியே நின்றவள், "செத்துட்டியாடி உள்ளே?" என்று கதவைத் தட்டினாள்.

5

பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம். கயல் சொன்னதில் பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். டெவலப்டு பகுதி நம் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் மாதிரி இருந்தது. பஸ் அளவுக்கு வீட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் கம்பளம் விரித்து, சீரியல் பல்பு கட்டி, நாய்க்குத் தனியாக ஒரு குட்டிக் கூடாரம் போட்டிருந்தார். இயற்கையைத் தேடி வந்த அத்தனை பேரும் வீட்டையே கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

எனக்குப் பக்கத்து இடத்தில் டெபி என்று ஒரு அம்மா. பணி ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டு வண்டியில் சோபாவும் அடுப்பும் இருந்தன. முதுகில் மூட்டையோடு நின்ற கயலைப் பார்த்ததும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"பிரிமிடிவா போறீங்க? அருமை. ஆத்மாவுக்கு நல்லது" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க போகலையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"பயப்படாதீங்க. ஒரு தடவை முயற்சி பண்ணுங்க. நம்ம தேவை எவ்வளவு கொஞ்சம்னு அப்பத்தான் தெரியும்."

சோபாவில் சாய்ந்தபடிதான் இதைச் சொன்னார். நான் புன்னகைத்தேன். இந்த நாட்டில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

மத்தியானம் மூவரும் சேர்ந்து புளியோதரை சாப்பிட்டோம். வெயில் தாழ்ந்ததும் கயலும் சரவணனும் கிளம்பினார்கள். "போய்ட்டு வரோம்மா" என்றாள் கயல். குரலில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தது. அவர் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் குளியலறைக்குப் போய், தாழ்ப்பாள் போட்டு, வெந்நீரில் ஆசை தீரக் குளித்தேன். ஆனாலும் கல்யாண நாள் அன்று தனியாக உட்கார்ந்து ரசம் காய்ச்சியது எரிச்சலாகத்தான் இருந்தது.

6

விடிந்துகொண்டிருந்தது. காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். காட்டுப் பாதையிலிருந்து ஒரு ஆள் வேகமாக வருவது தெரிந்தது. ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது. கிட்டே வந்த பிறகுதான் சரவணன் என்று தெரிந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது, "காப்பி போடு, வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நேராகக் கழிப்பறைக் கட்டடத்துக்குள் போய்விட்டார்.

கல்யாணமான புதிதில் எங்கள் ஊருக்கு மறுவீட்டுக்கு வந்தபோதும் இப்படித்தான். மறுநாள் விடிந்ததும் என் அப்பா செம்பை நீட்டினார். மாப்பிள்ளை செம்பைப் பார்த்தார், வெளியே பார்த்தார், பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு நகரத்தைத் தாண்டிக் கோச்சடைக்கே போய்விட்டார். திரும்பி வந்து, பெட்ரோல் போடப் போனேன் என்றார். அப்பா அடுத்த அறுவடைக் கூலியில் கழிப்பறைக்குக் குழி தோண்டியது அதற்குப் பிறகுதான். பெண்கள் இத்தனை வருடம் போனபோது தோண்டாத குழி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொஞ்ச நேரத்தில் கயலும் வந்துவிட்டாள். தலையெல்லாம் இலை. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அப்பாவால முடியலம்மா. மண்வெட்டியை எடுத்துட்டு மூணு தடவை போனாரு, மூணு தடவையும் திரும்பி வந்துட்டாரு. ஏதோ பார்க்குதுன்னாரு. அது ஒரு அணில்."

நானும் சிரித்துவிட்டேன். அவள் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பா சொன்னாரு, உங்கம்மாவா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணிருவான்னு. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னோம்னு அவருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்ன அது?"

நான் அடுப்பை அணைத்தேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் சொன்னது நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. சொன்னேன். கண்மாய்க் கரையை, வரப்பில் கிடந்த முள்ளை, தண்ணீர் குடிக்காமல் இருந்ததை, பள்ளிக்கூடம் போகாத நாட்களை, எல்லாவற்றையும். அழுதுகொண்டு சொல்லவில்லை. எரிச்சலோடுதான் சொன்னேன். இத்தனையையும் உட்காரவைத்து விளக்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்.

அவள் டம்ளரில் இருந்த காப்பியைக் குடிக்கவில்லை.

"ரோட்டுப் பக்கம்னா, யாராவது வந்தா?"

"வண்டி லைட் வந்தா எந்திரிச்சு நிப்போம். போனப்பறம் உக்காருவோம்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்தான். எல்லாரும் ஒண்ணா எந்திரிப்போம். பஸ்ஸுல போறவங்களுக்கு நாங்க சும்மா நிக்கிற மாதிரி தெரியும்."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

கயல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல். மன்னிப்புக் கேட்பாள், கட்டிப்பிடிப்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேனோ என்னவோ, எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது.

"எப்பச் சொல்ல? நீ கூடாரம் வாங்கணும்னு கடைக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கா? ஒனக்கு மூணு வயசுல பாட்டி கதை மாதிரியா?"

"நான் பேசறதுக்கு முன்னாடி சொல்லிருக்கணும்."

"நீ பேசுவன்னு எனக்குத் தெரியுமா?"

அவள் எழுந்து பல் தேய்க்கப் போய்விட்டாள். என் வாழ்க்கையை எடுத்துச் சொன்னேன், இவள் பல் தேய்க்கப் போகிறாள் என்று உட்கார்ந்திருந்தேன். கழிப்பறையிலிருந்து வந்த சரவணன், "சொல்லிட்டியா?" என்று கேட்டார். ஆறிப்போன அவள் காப்பியை எடுத்துக் குடித்தார். "நான்தான் வாய விட்டுட்டேன்" என்றார். அவரையும் ஒரு முறை முறைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. முகத்தைக் கழுவிய சிவப்பா, வேறு சிவப்பா என்று நான் கேட்கவில்லை.

"நாங்க கூடாரத்தைப் பிரிச்சு இங்கேயே கொண்டுவந்துடறோம்" என்றாள்.

"எதுக்கு? உனக்கு அங்க பிடிச்சிருக்கா, இல்லையா?"

அவள் தயங்கினாள். "பிடிச்சிருக்கு. காலைல ஏரி ரொம்ப அமைதியா இருந்துச்சும்மா."

"அப்ப அங்கேயே இரு. எனக்காக நீ ஒண்ணும் வர வேண்டாம். உனக்காக நானும் வர மாட்டேன்."

"சரி" என்றாள். நீயும் வாயேன் என்று அவள் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு வாரமாக நச்சரித்தவள் அதை நிறுத்தியதே எனக்குப் பெரிதாக இருந்தது. சரவணன் மட்டும் அன்றிரவு எங்கே தங்குவது என்று தெரியாமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க இங்கயே இருங்கப்பா. அணில் இல்லாத இடம்" என்றாள் அவள். தனியாக ஏரிக்கே திரும்பிப் போனாள். ஏரிக்கரையில் அடுத்த கூடாரத்தில் அவள் வயதுப் பெண்கள் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அனுப்பினேன்.

7

மறுநாள் காலை கிளம்புவதற்காகக் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தோம். கயல் மூட்டையோடு வந்து சேர்ந்திருந்தாள். உடம்பெல்லாம் கொசுக்கடி, முகத்தில் களை. டெபி கையில் காப்பிக் கோப்பையோடு வந்து விசாரித்தார். ஏரி எப்படி, நட்சத்திரம் பார்த்தாயா, நரி வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். கயல் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

பிறகு டெபி என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் நீங்களும் போகணும். மகளைப் பாத்துக் கத்துக்கணும். வசதியை விட்டு ஒரு அடி வெளியே வைக்கறது கஷ்டம்தான். ஆனா அது நம்மளை மாத்தும்" என்றார்.

நான் வழக்கம்போலப் புன்னகைக்கத் தயாரானேன்.

"எங்க அம்மா போக வேண்டியதில்ல" என்றாள் கயல், ஆங்கிலத்தில். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் கையில் சுருட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள். "அவங்க பதினெட்டு வயசு வரைக்கும் தினமும் போனவங்க. அவங்க பங்கு முடிஞ்சிருச்சு."

டெபிக்கு முகம் மலர்ந்தது. "அப்படியா? சாரணர் படையில இருந்தாங்களா?"

கயல் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று அவள் கண் கேட்டது. அவளை இந்த நாட்டில் வளர்த்த இத்தனை வருடத்தில், என் விஷயமாக அவள் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் முறை. பக்கத்தில் சரவணன் கூடார முளையைப் பிடுங்குவதை நிறுத்திவிட்டு நின்றார்.

"சொல்லு" என்றேன். "நல்லா வெவரமாச் சொல்லு. நான் போய் ஒரு குளியல் போட்டுட்டு வாரேன்."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.